டை காய்கிற நேரம்

மூக்குக்கண்ணாடியைச் சலூன்காரத் தேசிங்கு வாங்கி வைத்துவிட்டான். இனி எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் இருப்பவன் யாரென்று எனக்குத் தெரியாது. கழுத்து வரை வெள்ளைத் துணி. தலையில் கருப்புக் களிம்பு. சில்லென்று இருக்கிறது. அப்புறம் அரிக்கும் சார், சொறியாதீங்க, கையெல்லாம் கருப்பாய்டும் என்கிறான். சரி. அறுபத்தோரு வயதில் முதல் தடவையாக டை. மரகதத்திடம் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். பார்த்தால் சிரிப்பாள். கல்யாணத்துக்கே பவுடர் போட மாட்டேன் என்றவன் நான். சிரிக்கட்டும். மூன்று மணிக்கு வீடியோ இன்டர்வியூ. கேமரா ஆன்ல இருக்கணும் சார், கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா தெரியணும் என்றாள் ஏஜெண்ட் ஜெனிஃபர். ஃப்ரெஷ் என்றால் என்னம்மா, குளித்துவிட்டுத்தான் உட்காருவேன் என்றேன்.  அப்புறம், அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க, ஹேர் என்றாள். சார் அங்கிளாகிற இடத்தில்தான் விஷயம் இருக்கும். இருபது வருடமாக ஏஜெண்டுகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எந்த இடத்தில் மூச்சு விடுவார்கள் என்பது வரைக்கும் தெரியும். நான் எந்தக் கம்பெனியிலும் இல்லை. கான்ட்ராக்ட். வங்கிகளில் பழைய பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன, மெயின்ஃப்ரேம் என்று பெயர், அதில் அந்தக் காலத்தில் எழுதிய ப்ரோக்ராம்கள் இன்னும் ஓடுகின்றன, அவ்வப்போது நின்றும் போகின்றன. நின்றால் ஆள் தேடுவார்கள். என்னிடம் நேராக வர மாட்டார்கள், ஏஜெண்டிடம் போவார்கள். ஏஜெண்ட் என்னைத் தேடிப் பிடித்து, அனுப்பி, நான் அங்கே இருக்கிற வரைக்கும் தன் பங்கை எடுத்துக்கொள்வான். வீட்டுத் தரகர் மாதிரிதான். என்ன, தரகர் வீட்டின் வயதைக் குறைக்க வேண்டுமென்றால் சுண்ணாம்பு அடிக்கிறார். இங்கே வீடே சலூனுக்கு வந்து உட்கார வேண்டும்.

அரிக்க ஆரம்பித்துவிட்டது. காதுக்கு மேலே. பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு ஒருத்தர், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவராம், என்ன சார் விசேஷம், பொண்ணு கல்யாணமா என்றார். இல்லை, இன்டர்வியூ என்றேன். யாருக்கு என்றார். எனக்கு. அவர் நுரைக்குள்ளிருந்து என்னைப் பார்த்திருப்பார். தெரியவில்லை, எனக்குக் கண்ணாடி இல்லை. நமக்கெல்லாம் இன்டர்வியூ எமன் கிட்டதானே சார் என்றார். தேசிங்கு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எமன் ஒரு தடவை பூனாவில் என்னைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான், அதை இவரிடம் சொல்ல முடியாது, யாரிடமும் சொன்னதில்லை. தலைமுடி மட்டுமா. ஜெனிஃபர் என் சி.வி.யிலும் கை வைத்துவிட்டாள். தொண்ணூறுகள் மொத்தமும் காணோம். இரண்டாயிரத்து மூன்றில் வானத்திலிருந்து குதித்தவன் மாதிரி இருக்கிறேன். பெயரையும் விடவில்லை. தணிகாசலம்ங்கறது நீளமா இருக்கு சார், டி. சலம்னு போட்டுட்டேன். நீளமா என்றேன். பழசா இருக்கு சார் என்றாள். அப்பன் வைத்த பெயர், திருத்தணிக்கு வேண்டிக்கொண்டு வைத்தது, அதுவே வயதைக் காட்டிக் கொடுக்கிறதாம். போகட்டும். இந்த வேலை எனக்கு வேண்டும். அம்பத்தூர். பெரம்பூரில் ரயில் ஏறினால் கொரட்டூர் தாண்டி அம்பத்தூர். மத்தியானம் வீட்டுச் சாப்பாடு. சாயங்காலம் வீடு. இத்தனை வருடத்தில் உள்ளூரில் வந்தது அபூர்வம். குர்காவ், ஐதராபாத், பூனா என்று எல்லா ஊரிலும் பேயிங் கெஸ்ட் அறையில் பிள்ளை வயதுப் பையன்களோடு ஒரே பக்கெட்டுக்கு வரிசையில் நின்றாகிவிட்டது. இப்போதும் பூனாவில் பழைய இடம் கூப்பிடுகிறது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்பத்தூர் இல்லையென்றால் பூனா.  போனா அங்கயே ரேஷன் கார்டு வாங்கிக்குங்க என்றாள் மரகதம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அம்பத்தூர் வங்கியில் நின்று நின்று போவது நான் எழுதிய ப்ரோக்ராம். டெபாசிட்டுக்கு வட்டி கணக்குப் போடுவது. தொண்ணூற்றி இரண்டில், ஏ.சி. அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டிய காலத்தில், மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு ப்ரோக்ராமின் தலையிலும் எழுதியவன் பெயரைப் போட ஒரு வரி உண்டு. நிறையப் பேர் வெறுமனே விட்டுவிடுவார்கள். நான் போட்டேன். வங்கி எது என்பதே ஜெனிஃபர் முதலில் சொல்லவில்லை. யாரும் சொல்ல மாட்டார்கள். சென்னையில் ஒரு முன்னணி வங்கி, அவ்வளவுதான். பெயரைச் சொன்னால் நாம் நேராகப் போய்விடுவோமாம், இல்லை வேறு ஏஜெண்டிடம் சொல்லிவிடுவோமாம். அதனால் முதலில் ஒரு மெயில் அனுப்ப வேண்டும், இந்த வேலைக்கு என்னை நீங்கள் மட்டுமே அனுப்பலாம் என்று சம்மதம். அது போன பிறகுதான் பெயர் வரும். யார் வீடென்று தெரியாமலே மாப்பிள்ளை தாலி கட்டச் சம்மதிப்பது போல. சம்மதம் அனுப்பினேன், பெயர் வந்தது. அம்மா, அந்த ப்ரோக்ராம் நான் எழுதினதுதான் என்றேன். வாவ் சார், எந்த வருஷம் என்றாள். சொன்னேன். நான் பொறக்கவே இல்ல சார் என்றாள். பிறகு மூச்சு விட்டாள். அங்கிள், அத இன்டர்வியூல சொல்லாதீங்க, வயசு கணக்குப் போட்டுடுவாங்க. ஆக மூன்று மணிக்கு நான் கருப்புத் தலையோடு உட்கார்ந்து, நான் பெற்ற பிள்ளையை, யார் சார் இந்தப் பையன் என்று கேட்க வேண்டும். முடியும். இதைவிடக் கேவலமானதெல்லாம் செய்தாகிவிட்டது. பூனா அறை மட்டும் முடியாது. அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன், நெஞ்சின் மேல் யாரோ மூட்டையை வைத்த மாதிரி இருந்தது. இடது கை என்னுடையது இல்லை. பக்கத்துக் கட்டில் பையன் காதில் ஹெட்போன், சுவரைப் பார்த்துப் படுத்து ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தம்பி என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. தரையில் சரிந்து உட்கார்ந்தேன். அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். டி-சர்ட்டில் ஏதோ கார் படம். வலி தானாகப் போய்விட்டது. அப்புறம் அவன் திரும்பி, அங்கிள் கீழே என்ன தேடறீங்க என்று இந்தியில் கேட்டான். பேனா என்றேன்.

போன் அடிக்கிறது. துணிக்கு அடியில் கை, கைக்கு அடியில் போன். எடுத்துக் காதில் வைக்கப் போனேன், சார் சார் டை டை என்று தேசிங்கு ஓடிவந்தான். அவனே ஸ்பீக்கரைப் போட்டு என் மடியில் வைத்தான். சார், வணக்கம் சார், முகிலன் பேசறேன் என்றது போன். சலூன் முழுக்கக் கேட்டது. முகிலன் இன்னொரு ஏஜெண்ட். போன வாரம் கூப்பிட்டவன். அவனும் ஒரு முன்னணி வங்கி, சென்னை, ஆறு மாசம் என்றான், அவனுக்கும் சி.வி.யோடு ஒரு சம்மத மெயில் அனுப்பியிருந்தேன். வங்கி பெயரை அப்புறம் சொல்றேன் சார் என்றவன், சொல்லாமலே போய்விட்டான். மறந்தும் போனேன். சார் குட் நியூஸ், உங்க ப்ரொஃபைல போட்டாச்சு, ஷார்ட்லிஸ்ட் ஆகற ஸ்டேஜ்ல இருக்கு என்கிறான். எங்கே என்றேன். அம்பத்தூர் பக்கம் சார், மெயின்ஃப்ரேம், வட்டி கணக்கு. தலையில் அரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. ஒரே ஆள் இரண்டு ஏஜெண்ட் வழியாகப் போனால் வங்கிக்காரன் இரண்டையும் குப்பையில் போடுவான். யாருக்குத் தரகு என்ற சண்டைக்கு நடுவில் நிற்க எவனுக்கும் ஆசையில்லை. பெயரை மாற்றினாலும் தப்பிக்க முடியாது, பான் கார்டு நம்பரை வைத்துப் பிடிப்பார்கள். எவ்வளவு சின்னப் பையனுக்கும் தெரிந்த விதி. நான் போய் இரண்டு தாலிக்குத் தலையாட்டியிருக்கிறேன். முகிலன், அதை உடனே வாபஸ் வாங்குப்பா, நான் வேற வழியா ஏற்கனவே போயிருக்கேன், மூணு மணிக்கு இன்டர்வியூ என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கெஞ்சுகிறது. அப்படியா சார், அடடா, நீங்க கவலையேபடாதீங்க, உடனே வாபஸ் வாங்கிடறேன், அங்க பெரிய டீம் சார், யார் இன்டர்வியூ எடுக்கறாங்க, பேர் சொன்னா நேரா அவர்கிட்டயே பேசிடுவேன் என்றான். ரங்கபாஷ்யம் என்றேன். ஸ்பெல்லிங் சார் என்றான். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். தேங்க் யூ சார், தேங்க் யூ. வைத்துவிட்டான். இன்னா சார், எல்.ஐ.சி.யா என்றார் நுரைக்காரர்.

அப்போதுதான் உறைத்தது. கடைசி எழுத்தையும் சொல்லி வாயை மூடிய பிறகு. ப்ரொஃபைலைப் போட்டவனுக்கு யாரிடம் போட்டோம் என்று தெரியாதா. அவன் போடவேயில்லை. அம்பத்தூரில் ஏதோ வங்கியில் ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கேயோ மோப்பம் பிடித்திருக்கிறான், உள்ளே யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை, மெயின்ஃப்ரேம் கிழவன்கள் நாலைந்து பேருக்குப் போன் போட்டிருப்பான், ஒருத்தனாவது பதறுவான் என்று. பதறியவன் நான். இது எனக்குத் தெரியாத வித்தையா. வேற எங்க சார் பேசிட்டிருக்கீங்க, பழைய மேனேஜர் நம்பர் குடுங்க ரெஃபரன்ஸுக்கு, எல்லாம் இதுதான். நமக்கு வேலை தர இல்லை, நம்மை வைத்து வாசலைக் கண்டுபிடிக்க. புதுப் பையன்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன், பெயரைச் சொல்லாதே, டீம் பெயர் கூடச் சொல்லாதே என்று. நான் ஸ்பெல்லிங் சொல்லியிருக்கிறேன். இப்போது அவனிடம் ஆள் பெயர் இருக்கிறது, அதை வைத்து வங்கியைத் தேடிப் பிடித்துவிடுவான், என் சம்மத மெயிலும் இருக்கிறது. என்ன செய்வான். என்னைவிடக் குறைந்த ரேட்டில் ஒரு பையனை அனுப்புவான். அல்லது என்னையே அனுப்புவான், இந்த ஆள் என் ஆள் என்று. இரண்டிலும் நான் பூனா. கார் படம் போட்ட முதுகு. தேசிங்கு, ஜெனிஃபர்னு இருக்கும், அந்த நம்பரைப் போடு என்றேன். போட்டான். நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாக.  சார், உங்க எக்ஸ்பீரியன்ஸ் எவ்ளோ சார் என்றாள். அங்கிள் இல்லை, சார். கோபம்.  நான் பாத்துட்டுக் கூப்பிடறேன், நீங்க யார் கூப்பிட்டாலும் எடுக்காதீங்க, ப்ளீஸ் என்றாள்.   நுரைக்காரர் சவரம் முடிந்து எழுந்தவர் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். பேப்பர் பக்கம் திரும்பவில்லை.

மறுபடி அடித்தது. யார் கூப்பிட்டாலும் என்றாளே. கண்ணாடி இல்லாமல் பெயர் தெரியவில்லை. யாருப்பா என்றேன். வீடுன்னு போட்ருக்கு சார் என்றான் தேசிங்கு. எடுக்காமல் இருந்தால் அது தனி வம்பு. என்னங்க, முடி வெட்டிக்கப் போனீங்களா, அங்கயே குடித்தனம் வெச்சிட்டீங்களா என்றாள் மரகதம். வரேன். வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க, பூனாக்காரன் ரெண்டு தடவை லேண்ட்லைன்ல கூப்பிட்டுட்டான், என்ன சொல்ல. ஒன்றும் சொல்லாதே என்றேன். அவள் வைக்கவில்லை. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு என்றாள். ஒன்றுமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூனாவிலிருந்து பேசியபோதும் இதையேதான் கேட்டாள், குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு. தூக்கக் கலக்கம் என்றேன் அன்றைக்கு. இன்றைக்கு, டை போட்டிருக்கேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாருக்கு என்றாள். எனக்கு. அவள் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அந்த அம்பத்தூர் வேலைக்கா என்றாள். ஆமாம். அவ்ளோ வேணுமா என்றாள். வேணும் என்றேன். நாற்பது பேர் வேலை பார்த்த ஆபீசில் கூட நான் இப்படிச் சொன்னதில்லை, இங்கே தேசிங்கும் ஐ.சி.எஃப்.காரரும் கேட்க, மடியில் கிடக்கிற போனிடம் வேணும் என்கிறேன். சரி, கண்ணுல பட்டுடாம பாத்துக்குங்க என்று வைத்துவிட்டாள். கொத்தமல்லி என்று தேசிங்கு ஞாபகப்படுத்தினான்.

டைம் ஆச்சு சார், அலசிடலாம் என்கிறான். இரு. விட்டா தோல்ல பிடிச்சுக்கும் சார். பிடிக்கட்டும், போன் வரட்டும். வாஷ்பேசின் மேல் குனிந்திருக்கும்போது மணி அடித்தால், அதை எடுக்க முடியாமல் போனால், இப்படி யோசித்துக்கொண்டு போனால் ஒரு கிழவன் டை போட்ட தலையோடு சலூனிலேயே செத்துப்போவான். அலசு என்றேன். குனிந்தேன். தண்ணீர் கருப்பாகப் போனது, அது எனக்கே தெரிந்தது. அப்போதுதான் அடித்தது. தலையில் துண்டைச் சுற்றி நிமிர்த்தினான். சார், அந்த முகிலன் உங்க சி.வி.ய ரங்கபாஷ்யத்துக்கே நேரா அனுப்பிட்டான் சார் என்றாள் ஜெனிஃபர். சரி. பான் நம்பர்ல இடிச்சிடுச்சு, அவர் எனக்குப் போன் பண்ணிட்டார், சனிக்கிழமையும் ஆபீஸ்லதான் இருக்கார், ரெண்டையும் தூக்கிப் போட்டுடுவேன்னார். சரிம்மா என்றேன். துண்டிலிருந்து ஒரு சொட்டு கழுத்தில் இறங்கியது. இருங்க சார், முழுசா கேளுங்க. முகிலன் சோம்பேறி சார், உங்க சி.வி.ய ஒரு எழுத்து தொடாம அப்படியே அனுப்பிட்டான், பொறந்த வருஷம், தொண்ணூறு எல்லாம் அதுல இருக்கு, முழுப் பேர் இருக்கு. ரங்கபாஷ்யம் நின்னு நின்னு போற அந்த ப்ரோக்ராமைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கார் சார், அதோட தலையில உங்க பேர் இருக்காம். நான் அனுப்பினதுல பாதி வாழ்க்கையைக் காணோம், முகிலன் அனுப்பினதுல முழுசா இருக்கு, எது நிஜ ஆளுன்னு என்கிட்ட கேக்கறார். நான் என்ன சார் சொல்றது. நான் வெட்டினேன்னு சொன்னா எங்க கம்பெனியை லிஸ்ட்லேர்ந்தே எடுத்துடுவாங்க. அழுகிறாளோ. இல்லை, வேகமாக நடந்துகொண்டே பேசுகிறாள், பின்னால் ஆட்டோ சத்தம்.

நிஜ ஆள். நீளமானது என்றால் முகிலன் ஜெயித்தான், ஸ்பெல்லிங் கேட்டே ஆறு மாதத் தரகு சாப்பிடுவான். சின்னது என்றால் நான் பொய், என் ப்ரோக்ராம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். இரண்டு பேரும் என்னைத்தான் விற்றார்கள், ஒருத்தி வெட்டி விற்றாள், ஒருத்தன் திருடி விற்றான். வெட்டியவளாவது கேட்டுவிட்டு வெட்டினாள். நான்தான் சரி என்றேன். உன் கம்பெனி பேரைச் சொல்லாதே என்றேன் அவளிடம். வெட்டச் சொன்னது நான்னு சொல்லு. சார் என்றாள். வயசானவன், பயந்துட்டான், அவன்தான் கேட்டான்னு சொல்லு, அதுல பாதி நிஜம்தான். முழு சி.வி.ய உன் பக்கத்துலேர்ந்து இப்பவே அனுப்பு, நான் அவருக்கு ஒரு வரி போடறேன், ரெண்டும் நான்தான், நீளமானதுதான் சரி, வந்தது ஜெனிஃபர் வழியா, மத்தவன் என் பேரைச் சொல்லித் திருடினவன்னு. வயசு தெரிஞ்சிடுமே அங்கிள். தெரியட்டும். வேண்டாம்னு சொல்லிட்டா. சொல்லட்டும்.  அவர் வேண்டாம்னு இன்னும் சொல்லல சார், மூணு மணிக்கு அந்த ஆளை வரச் சொல்லுங்க, எவன் வர்றான்னு பாக்கறேன்னுதான் சொன்னார் என்றாள். அதை முதலில் சொல்லியிருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள்.

கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ரங்கபாஷ்யத்துக்கு அந்த ஒரு வரியை அடித்து அனுப்பினேன். விரல் இன்னொரு பெயரில் போய் நின்றது. பூனா. சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. மூன்று மணி முடியட்டும், அதுவரை இதைக் கையில் வைத்துக்கொள் என்றுதான் யாரும் சொல்வார்கள். நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒன்று உறுதியாகும் வரை இன்னொன்றை விடாதே. அந்தப் பையன் முதுகு. அவன் கெட்டவன் இல்லை, அவனுக்குக் கேட்கவில்லை. வரவில்லை, உடம்பு சரியில்லை என்று பூனாவுக்கு எழுதினேன். உடம்பு சரியில்லை என்று முதல் தடவையாக எழுதுகிறேன். அனுப்பிவிட்டேன். இனி அம்பத்தூர், இல்லையென்றால் வீடு. எதுவானாலும் மரகதத்திடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், திட்டுவாள், டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். சுவர்க் கண்ணாடியில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். தலை நாவல்பழம். அதற்குக் கீழே என் முகம். தேசிங்கு மிச்சக் களிம்பைக் கிண்ணத்தில் குழைத்துக்கொண்டு சின்ன பிரஷ்ஷோடு குனிகிறான். மீசை சார். வேண்டாம், விடு. ரெண்டு கலரா இருக்கும் சார், நல்லா இருக்காது. இருக்கட்டும். பாக்கறவங்க சிரிப்பாங்க சார் என்று பெஞ்சிலிருந்து சொன்னார் ஐ.சி.எஃப்.காரர். எது நிஜம்னு பாக்கணுமாம் என்றேன் அவரிடம். துணியை அவிழ்த்துக்கொண்டு எழுந்தேன். கொத்தமல்லி வாங்க வேண்டும்.